விந்தணுவின் வழிப்பயணம்

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் தமிழ் நேயர்களுக்கு அலிபிரிப் படிவழி புதியதன்று. விடியற்காலையில் அவ்வழியே செல்பவர்கள், ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கியவாறு மலையேறும் பெண்களைக் கண்டிருப்பார்கள். அவர்களுள் மகப்பேறு வேண்டி வருபவர்களும் உண்டு. கணவனும் உடன் ஏறுகிறான். வேண்டுதலும் இருவருக்கும் பொதுவானதே. ஆயினும் ஊர் திரும்பிய பின், யாரிடம் குறை என்ற கேள்வி எழுமாயின், சுற்றத்தார் மனைவியைத்தான் பார்க்கிறார்கள். மலடி என்ற சொல் நம் நாவில் எளிதாக வந்துவிடுகிறது. அதற்கு ஆண்பால் உண்டா என்று நாம் யோசிப்பதுகூட இல்லை.

மருத்துவ விஞ்ஞானம் இவ்விஷயத்தில் வேறு கணக்குக் கூறுகிறது. பிள்ளையில்லாத தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையே காரணமாகவோ, காரணங்களுள் ஒன்றாகவோ இருக்கிறது. அந்தக் குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மூலக்கூற்று உயிரியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். நம் நாட்டிலேயே, 2014-ஆம் ஆண்டுவரை ஆந்திரப் பிரதேசத்தின் ஒரே தலைநகராயிருந்த ஹைதராபாத்தில், இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், விந்தணு என்னும் அணு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு வழி அறிகிறது என்ற இரு செய்திகளையும் சேர்த்தே அறிய வேண்டும்.

விந்தணுவை முதன்முதலாகக் கண்ணால் கண்டவர்களுள் ஒருவர் ஹாலந்து தேசத்துத் துணி வணிகர் லேவன்ஹுக். ஆண்டு 1677. தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் கீழ், தலையும் வாலும் கொண்ட நுண்ணுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு அவர் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். மனித விந்தணுவின் நீளம், வாலையும் சேர்த்து, ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. அது கடக்க வேண்டிய வழியோ, கருப்பையின் வாயிலிருந்து கருக்குழாயின் விரிந்த பகுதிவரை, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். தன் உடல் நீளத்தைப் போல் மூவாயிரம் மடங்கு. ஒரு மனிதனுக்கு அந்த விகிதத்தில் வழி வகுத்தால், அது ஐந்து கிலோமீட்டரை எட்டும். அலிபிரியிலிருந்து திருமலைக்குரிய படிவழியில் பாதிக்கு மேல். வழியில் கருப்பையின் தசைகள் சுருங்கி விரிந்து ஓரளவு தள்ளிவிடுகின்றன என்பது உண்மையே. எனினும் கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களுள் கருமுட்டையின் அருகே சேர்பவை சில நூறு மாத்திரமே.

இந்தப் பயணி தன் கருவிகளை எங்கே பெறுகிறது? இங்கேதான் மரபணுவின் கதை வருகிறது.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. ஜீன் என்று வழங்கும் மரபணுக்கள் அவ்விழையின் பகுதிகள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை எவ்வாறு செய்வது என்ற விதி ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. மூல ஏடு உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பக்கம் மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகலாகப் படியெடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. வெளியே அந்நகலைப் படித்துப் புரதம் கோக்கப்படுகிறது. முதற்செயலுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரைத் தமிழில் படியெடுத்தல் என்றும், இரண்டாவதற்கு வைத்ததை மொழிபெயர்ப்பு என்றும் கூறலாம். எழுத்தர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சர்க்கார் அலுவலகங்களில் நாள்தோறும் செய்துவரும் வேலையின் பெயர்களை உயிரியலார் இரவல் வாங்கிக்கொண்டார்கள் என்பதில், இத்தொழிலைச் சேர்ந்த எனக்குச் சிறிது பெருமையே.

கல்லீரலின் உயிரணுவிலும் மூளையின் உயிரணுவிலும் ஒரே ஏடுதான் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் படியெடுப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. விந்தணுவுக்கு மட்டுமே உரிய பக்கங்கள் பல உண்டு. அவை மற்ற உறுப்புகளில் ஆயுள் முழுவதும் மூடியே கிடக்கும். விரையில் மட்டும், அதுவும் விந்தணு உருவாகும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், குறித்த சில நாட்களில் மட்டும், அவை திறக்கப்படுகின்றன.

திறப்பவர் யார், மூடுபவர் யார் என்ற ஆராய்ச்சி சுவை மிகுந்தது. 1996-இல் கிரெம் என்னும் புரதமில்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அவ்வெலிகளில் விந்தணு உருண்டை வடிவ நிலையிலேயே நின்றுபோவதைக் கண்டார்கள். தலை நீளவில்லை, வால் முளைக்கவில்லை. கிரெம் ஒரு திறவுகோல் என்பது தெளிவாயிற்று. மூடும் பக்கத்தை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலையிலும் பின்னர் இல்லினாய் சர்வகலாசாலையிலும் பணிபுரிந்த பிரபாகர ரெட்டி குறிப்பிடத்தக்கவர். விந்தணுவின் தலையில், முட்டையுடன் கலப்பதற்கு உதவும் உறை ஒன்று உண்டு. அதிலுள்ள எஸ்.பி.10 என்னும் புரதத்தின் மரபணுவை அவர் குழு எடுத்துக்கொண்டது. இந்த மரபணு ஏன் விரையில் மட்டும், அதுவும் உருண்டை நிலையில் மட்டும் படியெடுக்கப்படுகிறது? மற்ற இடங்களில் அதன் வாயை அடைப்பது எது? அடைப்பவற்றுள் ஒன்று டி.டி.பி.43 என்னும் புரதம் என்று அவர்கள் கண்டார்கள். ஆச்சரியம் என்னவெனில், மூளையையும் தண்டுவடத்தையும் சேர்ந்த நரம்பணுக்கள் நலிந்து, தசைகள் செயலிழக்கும் கொடிய நோயொன்றில், இதே புரதம் நரம்பணுக்களில் கட்டிகட்டியாகத் தேங்குவதை 2006-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருந்தார்கள். விரையிலும் நரம்பிலும் ஒரே காவலாள்! எலியின் விந்தணு மூலங்களிலிருந்து இப்புரதத்தை அகற்றினால் அணுப்பிரிவு தடைப்பட்டு ஆண்மை குன்றுகிறது என்பதையும் ரெட்டியின் குழு 2021-இல் வெளியிட்டது.

உருண்டை நிலை கழிந்ததும் ஒரு விந்தை நிகழ்கிறது. சாதாரண உயிரணுவில் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின் மேல் நூல்கண்டு போலச் சுற்றப்பட்டிருக்கும். வேண்டிய இடத்தில் அவிழ்த்துப் படிக்கலாம். விந்தணுவிலோ ஹிஸ்டோன்களுள் பெரும்பாலானவை அகற்றப்பட்டு, இடைக்காலப் புரதங்கள் சிறிது காலம் அவ்விடத்தைப் பிடித்து, இறுதியில் புரோட்டமின் என்னும் சிறு புரதங்கள் வந்து அமர்கின்றன. ஏடு அழுத்திக் கட்டப்பட்டு முத்திரையிட்ட பொதியாகிவிடுகிறது. இந்த இடைக்காலப் புரதங்களைப் பற்றிப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர், 2023-இல் மறைந்த பேராசிரியர் எம்.ஆர்.எஸ். ராவ். பொதி கட்டிய பின் படியெடுத்தல் நின்றுவிடுகிறது. பொதி கட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்த நகல்களைக் கொண்டுதான் எஞ்சிய புரதங்கள் செய்து முடிக்கப்படுகின்றன. புரோட்டமினின் நகலே எலியில் சில நாட்கள் காத்திருந்து பிறகுதான் மொழிபெயர்க்கப்படுகிறது.

ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் நம் முன்னோர் திருப்பதிக்கு நடந்து போனபோது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். விந்தணுவும் அப்படிப்பட்ட பயணியே. ஒரு வேறுபாடு உண்டு: நம் யாத்திரிகன் வேண்டுமானால் வழியில் சத்திரத்தில் உலை வைத்துக்கொள்ளலாம். விந்தணுவுக்கு அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை. புறப்படும்போது ஒரு புரதம் விட்டுப்போயிற்றென்றால் விட்டுப்போனதுதான். வழியில் ஒன்று பழுதானால் புதியது செய்து மாற்றவும் இயலாது.

இதன் விளைவைப் பழைய சித்தூர் ஜில்லாவின் பால் மாடு வளர்ப்போர் நன்கு அறிவர். அந்த ஜில்லாவைச் சேர்ந்த புங்கனூரின் பெயரால் வழங்கும் குட்டை இனப் பசு உலகின் மிகச் சிறிய பசுவினங்களுள் ஒன்று. உயரம் மூன்றடி இருந்தால் அதிகம். கலப்பினப் பசுக்களின் வரவால் எண்ணிக்கையில் மிகவும் குறைந்துவிட்ட இவ்வினத்தைக் காப்பதற்குப் பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் முயன்று வருகிறது. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவர கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிலையம் அது. இத்தகைய அரிய இனங்களைப் பேணும் முறைகளுள் ஒன்று, காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில், நீர் உறையும் நிலைக்குக் கீழே 196 பாகைக் குளிரில், உறையவைத்துச் சேமிப்பது. உறையும்போதும் இளகும்போதும் விந்தணுவின் மேற்சவ்வும் வாலும் அடிபடுகின்றன. வேறோர் உயிரணுவாயிருப்பின் சேதத்தைச் சீர்செய்யப் புதுப் புரதம் செய்துகொள்ளும். இதற்கு அந்த வழியில்லை. ஆதலால் முட்டையின் மஞ்சள் கரு, கிளிசரின் முதலியவற்றைக் கலந்து, சேதம் நேராமல் முன்கூட்டியே காக்க வேண்டியிருக்கிறது. கட்டுச்சோறு கெடாமலிருக்கப் புளி சேர்ப்பது போன்றதே இது.

இனி, வழி காணும் கதை. இருளில், கண்ணும் காதும் இல்லாத ஓர் அணு எவ்வாறு திசை அறிகிறது? பெரணிச் செடியின் விந்தணுக்கள் மாலிக் அமிலத்தை நாடி நீந்துகின்றன என்பதை ஜெர்மானியத் தாவர அறிஞர் பெஃப்பர் 1884-லேயே காட்டிவிட்டார். 1912-இல் அமெரிக்கரான லில்லி, கடல் முள்ளெலி என்னும் கடல்வாழ் உயிரியின் முட்டை ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டு விந்தணுக்களைக் கவர்கிறது என்றார். கடலில் முட்டையும் விந்தும் திறந்த நீரில் சந்திக்க வேண்டியிருப்பதால் அங்கே அழைப்பு தேவை. பாலூட்டிகளிலோ வழி ஒரு குழாய்தானே, அழைப்பு எதற்கு என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1991-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிலையத்தைச் சேர்ந்த ஐசன்பாக்கும் அவருடைய தோழர்களும், முட்டையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தை நோக்கி மனித விந்தணுக்கள் திரள்வதைக் காட்டினார்கள். எல்லா விந்தணுக்களும் திரளவில்லை. ஒரு நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே அழைப்புக்குச் செவி சாய்க்கும் நிலையில் இருக்கின்றன. அவை சிறிது நேரத்தில் ஓய, வேறு சில தயாராகின்றன. பெண்ணின் உடலினுள் சில மணி நேரம் தங்கிய பிறகே விந்தணு இத்தகுதியைப் பெறுகிறது என்பதைச் சாங் என்பவரும் ஆஸ்டின் என்பவரும் 1951-இல் தனித்தனியே கண்டறிந்திருந்தனர்.

மணம் ஒன்றே வழிகாட்டி அன்று. கருக்குழாயில் முட்டை தங்கும் பகுதி, விந்தணு தங்கும் பகுதியைவிடச் சற்று வெப்பமானது. முயல்களில் இந்த வேற்றுமை ஏறத்தாழ 2 பாகைவரை இருக்கிறது. அத்தனை சிறு வெப்ப வேற்றுமையையும் உணர்ந்து விந்தணு வெப்பமான பக்கம் திரும்புகிறது என்பது 2003-இல் தெரிய வந்தது. 2013-இல் மற்றொரு செய்தி: குழாயின் சுவர்களிலிருந்து கசிந்து கீழ்நோக்கி வரும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் இயல்பும் விந்தணுவுக்கு உண்டு. ஆற்றில் எதிர்நீச்சல் போடும் மீன் போல, ஓட்டமே அதற்குத் திசையைச் சொல்லிவிடுகிறது. தொலைவில் நீரோட்டமும் வெப்பமும், மிக அருகில் மணமும் வழிகாட்டுகின்றன என்று இப்போது பொதுவாகக் கருதப்படுகிறது.

இவ்வழைப்புகளுக்கு வால் எவ்வாறு பதில் கூறுகிறது? 2001-இல் அமெரிக்காவில் ரென், கிளாப்பம் முதலியோர் விந்தணுவின் வாலில் மட்டுமே காணப்படும் ஒரு வாயிலைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் காட்ஸ்பெர் என்று பெயர். அவ்வாயில் திறந்தால் சுண்ணச் சத்தாகிய கால்சியம் உள்ளே பாய்கிறது. சீராக அசைந்துகொண்டிருந்த வால் சாட்டை போல் வீசி அடிக்கத் தொடங்குகிறது. முட்டையைச் சூழ்ந்த அணுக்கள் சுரக்கும் புரோஜெஸ்டரோன் மனித விந்தணுவில் இந்த வாயிலைத் திறக்கிறது என்று 2011-இல் ஒரே சமயத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நிறுவப்பட்டது. இவ்வாயில் இல்லாத ஆண் எலிகள் நீந்தும். ஆனால் வாலை வீசி அடிக்க இயலாது. அவற்றுக்குக் குட்டி பிறப்பதில்லை.

இப்போது ஹைதராபாத்துக்கு வருவோம். அங்கேயுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் 1977-இல் தொடங்கப் பெற்றது. அங்கே ஆண் மலட்டுத்தன்மையின் மரபணுக் காரணங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் குமாரசாமி தங்கராஜ். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், சென்னைச் சர்வகலாசாலையில் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். இந்திய மக்களின் பூர்விகத்தை டி.என்.ஏ.யின் வாயிலாக ஆராய்ந்ததற்காகவே அவரைப் பலரும் அறிவர். என் எண்ணத்தில், வீட்டுக்கு வீடு கண்ணீரைத் துடைக்கக்கூடியது அவருடைய இந்த இரண்டாவது பணிதான். அவருடைய குழுவின் முந்தைய ஆய்வுகளில், பிள்ளையில்லாத ஆண்களுள் 100-க்கு 38 பேரிடம் ஒய் குரோமோசோமிலோ வேறு மரபணுக்களிலோ குறை இருப்பது தெரிந்தது. எஞ்சியவர்களுக்கு என்ன காரணம்? நன்கு பரிசோதிக்கப்பட்ட 47 ஆண்களின் மரபணுக்களை முழுமையாகப் படித்து, கண்ட மாறுதல்களை நாட்டின் பல பகுதிகளையும் சேர்ந்த சுமார் 1,500 ஆண்களிடம் சரிபார்த்து, எட்டு மரபணுக்களை அவர்கள் 2022-இல் குறிப்பிட்டார்கள்.

அந்த எட்டில் இரண்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று பி.ஆர்.டி.டி. இது படியெடுக்கும் இடத்தைச் சேர்ந்தது. விரையில் மட்டும் இருக்கும் இப்புரதம், எந்தப் பக்கங்களைத் திறப்பது என்பதிலும், ஹிஸ்டோன்களை அகற்றிப் பொதி கட்டுவதிலும் பங்கு கொள்கிறது. இதைத் தற்காலிகமாக அடக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தால் ஆண் எலிகள் பிள்ளைப்பேறு இழக்கின்றன, மருந்தை நிறுத்தினால் மீள்கின்றன என்று 2012-இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஆணுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தைத் தேடுவோருக்கு அது நம்பிக்கை அளித்தது. மற்றொன்று காட்ஸ்பெர்-டி, வாலிலுள்ள கால்சிய வாயிலின் ஓர் உறுப்பு. இது ஒன்று இல்லாவிடினும் எலியில் வாயில் முழுவதுமே அமையாமற் போகிறது. ஆக, ஒன்று பயணச் சரக்கைக் கட்டும் இடத்தைச் சேர்ந்தது, மற்றொன்று வழி காணும் கருவியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பிழை நேர்வது ஒரே இடத்தில்தான்: புறப்படும் முன், விரையில், ஏட்டின் எழுத்தில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வழக்கமாகச் செய்யும் விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கையும் அசைவும் வடிவமும் பார்க்கப்படுகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு முறை வெளிப்படும் விந்தில் 3 கோடியே 90 லட்சம் அணுக்களைக் கீழ் அளவாகக் குறிக்கிறது. எளிய, செலவு குறைந்த பரிசோதனை அது. அதைக்கூடச் செய்துகொள்ள மறுத்து, மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்பும் கணவன்மார் இன்றும் இருக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரியது. ஆனால் அப்பரிசோதனையும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. காட்ஸ்பெர் வாயில் இல்லாத சில ஆண்களின் விந்தில் எண்ணிக்கையும் அசைவும் சரியாகவே காணப்பட்டிருக்கின்றன. அணுக்கள் நீந்துகின்றன, அழைப்பு மட்டும் அவற்றின் வாலை எட்டுவதில்லை. "உங்களிடம் குறை ஒன்றும் இல்லை" என்று சீட்டு எழுதித் தரப்படும். அதன் பிறகு பழி யார் தலையில் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனைவியின் உடலில் ஒரு குறையும் இல்லாமலே இருக்கலாம். கணவனின் விந்தணுவிலுள்ள, அவனுக்கும் தெரியாத, அவன் பொறுப்புமல்லாத எழுத்துப் பிழை ஒன்று அவளை ஆண்டுக்கணக்கில் வருத்திக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கு வழி இல்லாமற் போகவில்லை. 1992-இல் பெல்ஜியம் நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் வெளியான முறைப்படி, ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் எடுத்து முட்டையினுள்ளேயே செலுத்திவிடலாம். பயணமே வேண்டியதில்லையாதலால் வால் வீசத் தெரியாத விந்தணுவும் அங்கே பயன்படும். பி.ஆர்.டி.டி. போன்ற குறையில் பொதியே சரியாகக் கட்டப்படாவிட்டால் அம்முறையும் கைகொடுக்காமற் போகலாம். ஆகையால் எந்த மரபணுவில் பிழை என்று முன்னே தெரிவது, வீண் செலவையும் வீண் நம்பிக்கையையும் தவிர்க்கும். இந்தியாவில் இத்தகைய சிகிச்சை நிலையங்கள் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நேயர்கள் நினைவில் கொள்வது நல்லது. வேற்று மாநிலத்தில், மொழி முழுதும் வசப்படாத ஊரில், விளம்பரத்தை நம்பிச் செல்வோருக்கு இது முக்கியம். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

மற்றொரு செய்தியையும் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒய் குரோமோசோமின் ஒரு பகுதி விடுபட்டிருக்கும் ஆணுக்கு ஊசி முறையில் மகன் பிறந்தால், அதே குறை மகனுக்கும் போய்ச் சேரும். மகளுக்கு ஒய் குரோமோசோம் போவதில்லையாதலால் அவளை அது தொடாது.